புகை போகும் வழியைக் கணிக்கலாமா?



மார்கழி மாத விடியற்காலையில் கொல்லிமலைச் சாலையில் ஏறியிருக்கிறீர்களா? காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் அந்தச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பாதி வழியில் ஒரு வளைவில் நின்று கீழே பாருங்கள். சமவெளியிலுள்ள வீடுகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் எழும் புகை சிறிது உயரம் வரை போகிறது. அதற்கு மேல் ஏறாமல், கூரைக்கு அடியில் அடைபட்டதுபோலக் கிடைமட்டமாகப் பரவி நிற்கிறது. வெயில் ஏறிய பிறகு, நண்பகலில் அதே இடத்தில் நின்று பாருங்கள். அதே சூளையின் புகை வளைந்து நெளிந்து மேலே போய், சிறிது நேரத்தில் இருந்த இடம் தெரியாமல் கலைந்துவிடுகிறது.

சூளையும் மாறவில்லை, விறகும் மாறவில்லை. மாறியது காற்றின் நிலைமைதான். இதைக் கணக்கிட முடியுமா? இந்தப் புகை எந்தப் பக்கம் போகும், எத்தனை மணிக்கு எந்த ஊரை அடையும், அப்போது அதன் அடர்த்தி எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

சூளைப் புகையைப் பற்றி யாரும் இவ்வளவு கவலைப்படுவதில்லை. ஆனால் ஓர் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்து, கதிரியக்கப் பொருள்கள் காற்றில் கலந்துவிட்டால் இதே கேள்விதான் எழும். யார் வீட்டை விட்டு வெளியேற வேண்டும்? யார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பது நல்லது? எந்தச் சாலை வழியாகப் போகலாம்? விடை சொல்ல அறிவியலாளர்களிடம் ஒரு கணித மாதிரி மட்டுமல்ல, பல மாதிரிகள் இருக்கின்றன. அவற்றுள் எதை எங்கே பயன்படுத்துவது என்பதைத் தெரிந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தவறான திசையில் போன மக்கள்

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஏற்பட்டன. ஃபுகுஷிமா டாய்இச்சி அணுமின் நிலையம் மின்சாரம் இழந்து, அதன் உலைகளைக் குளிர்விக்க முடியாமல் போயிற்று. மறுநாள் நிலையத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர் வட்டத்தில் இருந்தவர்களை வெளியேறச் சொன்னார்கள்.

அருகிலிருந்த நாமியே என்னும் ஊரின் மக்கள் பலர் வடமேற்கே மலைப்பக்கமாக உள்ள த்சுஷிமா பகுதிக்குச் சென்று தங்கினார்கள். உலையிலிருந்து தொலைவில் இருப்பதால் அது பாதுகாப்பான இடம் என்று நினைத்தார்கள். ஆனால் மார்ச் 15 அன்று காற்று வடமேற்குப் பக்கமாகத் திரும்பியது. அந்த நேரத்தில் மழையும் பனியும் பெய்தன. கதிரியக்கப் பொருள்கள் அந்தப் பக்கத்து மலைகளிலும் காடுகளிலும் படிந்துவிட்டன. 20 கிலோமீட்டர் வட்டத்துக்கு வெளியே, பெரும்பகுதி 30 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த இடாத்தே என்ற கிராமம் கடுமையாக மாசுபட்டது. அங்கிருந்தோரை வெளியேற்றும் ஆணை ஏப்ரல் 22 அன்றுதான் பிறந்தது.

ஜப்பானிடம் இதற்கென்றே ‘ஸ்பீடி’ என்ற கணிப்பொறி அமைப்பு இருந்தது. ஆனால் உலையிலிருந்து எவ்வளவு பொருள் வெளியேறுகிறது என்ற தகவல் மின்தடையால் வந்து சேரவில்லை. எனவே, மணிக்கு ஓர் அலகு வெளியேறினால் அது எங்கே போகும் என்று மட்டும் கணக்கிட்டார்கள். அளவு தெரியாவிட்டாலும் திசையைக் காட்ட அது உதவியிருக்கும். அந்தப் படங்கள் மார்ச் 23 வரை பொதுமக்களுக்கு வெளியிடப்படவில்லை.

இதிலிருந்து ஒன்று விளங்கும். வரைபடத்தில் காம்பஸை வைத்து ஒரு வட்டம் போட்டுவிடலாம். ஆனால் காற்று வட்டமாக வீசுவதில்லை.

காற்று எப்போது புரளும், எப்போது படுத்துக்கொள்ளும்?

காற்று மேலே ஏறினால் விரிகிறது, விரிந்தால் குளிர்கிறது. உலர்ந்த காற்று ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 10 டிகிரி சென்டிகிரேடு குளிரும். இது பௌதிக விதி. எந்த ஊரிலும் மாறாது.

இப்போது ஒரு சிறு காற்றுப் பொட்டலத்தை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அதைச் சிறிது மேலே தள்ளுகிறோம். மேலே போனதும் அது குளிர்ந்துவிட்டது. அங்கு ஏற்கெனவே இருக்கும் காற்று இதைவிட இன்னும் குளிர்ச்சியாக இருந்தால், நம் பொட்டலம் அதைவிட லேசானது. ஆகவே மேலும் ஏறும். இது நிலைப்பற்ற காற்று. வெயிலில் தரை சுடும் நண்பகலில் இப்படித்தான் இருக்கும். புகை நன்றாகப் புரண்டு கலக்கும்.

மாறாக, மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாக இருந்தால் நம் பொட்டலம் அதைவிடக் கனமானது. திரும்பக் கீழே இறங்கிவிடும். இது நிலைப்புள்ள காற்று. மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. அதற்கு மேலுள்ள காற்றோ வெப்பமாகவே இருக்கிறது. வழக்கத்துக்கு மாறாகக் கீழே குளிரும் மேலே வெப்பமும் இருக்கும் இந்நிலைக்கு ‘வெப்பநிலைத் தலைகீழ்’ என்று பெயர். மார்கழி விடியலில் சமவெளிப் புகையை மூடி வைத்த கூரை இதுவேதான்.

1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் போபால் நகரில் ஏறத்தாழ 40 டன் நச்சு வாயு ஒரு தொழிற்சாலையிலிருந்து கசிந்தது. அது அணு விபத்து அல்ல. ஆனால் குளிர்ந்த இரவு, மெல்லிய காற்று, தலைகீழ் வெப்பநிலை ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த வாயுவைத் தரையை ஒட்டியே உறங்கும் மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. காற்றுக்குத் தான் சுமப்பது எது என்று தெரியாது. நச்சு வாயுவுக்கும் கதிரியக்கப் பொருளுக்கும் பரவல் கணக்கின் அடிப்படை ஒன்றுதான்.

முதல் மாதிரி: புகைக்கற்றை

1961-இல் பிரிட்டிஷ் வானிலை ஆய்வாளர் ஃபிராங்க் பாஸ்கில் ஓர் எளிய முறையை வெளியிட்டார். காற்றின் வேகம், பகலில் வெயிலின் கடுமை, இரவில் மேக மூட்டம் ஆகியவற்றை மட்டும் பார்த்து, காற்றின் நிலைப்பை ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை ஆறு வகுப்புகளாகப் பிரிக்கலாம் என்றார். கடும் வெயிலும் மெல்லிய காற்றும் இருந்தால் ‘ஏ’. பலத்த காற்றோ முழு மேகமூட்டமோ இருந்தால் நடுத்தரமான ‘டி’. தெளிந்த இரவும் மெல்லிய காற்றும் இருந்தால் மிகவும் நிலைத்த ‘எஃப்’. கருவி எதுவும் இல்லாதவர்கூட வானத்தைப் பார்த்து வகுப்பைச் சொல்லிவிடலாம் அல்லவா?

இதன்படி, புகை காற்றுத் திசையில் நேர்கோட்டில் செல்கிறது. போகப் போகப் பக்கவாட்டிலும் மேல் கீழாகவும் விரிகிறது. கற்றையின் நடுவில் அடர்த்தி அதிகம். ஓரங்களுக்குப் போகப் போகக் குறையும். பரீட்சை மதிப்பெண்களை வரைபடமாக வரைந்தால் கிடைக்கும் மணி வடிவ வளைகோடுதான் இங்கும் வருகிறது. கணித மேதை காஸின் பெயரால் இதைக் ‘காஸ் புகைக்கற்றை மாதிரி’ என்பார்கள்.

தரையிலேயே வெளியேறும் பொருளுக்கு, கற்றையின் நடுக்கோட்டில் தரையருகே உள்ள அடர்த்தி இவ்வளவு:

அடர்த்தி = வெளியேறும் வீதம் ÷ (3.14 × காற்றின் வேகம் × பக்க விரிவு × உயர விரிவு)

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? வினாடிக்கு 1 அலகு பொருள் வெளியேறுகிறது. நாம் நிற்பது 1 கிலோமீட்டர் தொலைவில்.

மேகமூட்டமுள்ள பகல், ‘டி’ வகுப்பு. காற்றின் வேகம் வினாடிக்கு 5 மீட்டர். அத்தொலைவில் பக்க விரிவு சுமார் 68 மீட்டர், உயர விரிவு சுமார் 32 மீட்டர். பெருக்கினால் சுமார் 34,000 வருகிறது. அதாவது ஒரு கன மீட்டர் காற்றில் 34,000-இல் ஒரு பங்கு அலகு.

தெளிந்த இரவு, ‘எஃப்’ வகுப்பு. காற்றின் வேகம் வினாடிக்கு 2 மீட்டர். பக்க விரிவு சுமார் 34 மீட்டர், உயர விரிவு சுமார் 14 மீட்டர். பெருக்கினால் சுமார் 3,000. அதாவது 3,000-இல் ஒரு பங்கு.

வெளியேறிய பொருள் மாறவில்லை, தொலைவும் மாறவில்லை. ஆனால் இரவில் நிற்பவர் சுவாசிக்கும் காற்றில் பகலைவிட 11 மடங்குக்கு மேல் பொருள் இருக்கிறது! நிலைப்பு வகுப்பைத் தவறாகத் தேர்ந்தால் விடையும் அதே அளவுக்குத் தவறிவிடும்.

இந்த மாதிரியின் பெரும் சிறப்பு எளிமை. உங்கள் நோட்டுப் புத்தகத்திலேயே போட்டுவிடலாம். அணுமின் நிலையத்துக்கு இடம் தேர்ந்தெடுக்கும் போதும், ஆண்டு முழுவதற்குமான சராசரியைக் கணக்கிடும் போதும் இன்றும் இது பயன்படுகிறது. ஆனால் இதன் விரிவு அளவுகள் எங்கிருந்து கிடைத்தன தெரியுமா? 1956-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், கண்ணுக்கு எட்டியவரை மேடு பள்ளம் இல்லாத புல்வெளியில் வாயுவைத் திறந்துவிட்டு அளந்த சோதனைகள் அவற்றுக்கு முக்கிய ஆதாரம். அங்கே அளந்த தொலைவு 800 மீட்டர் வரைதான். புல்வெளியில் பிறந்த சூத்திரத்தைக் கடற்கரைக்கும் மலைக்கும் அப்படியே கொண்டு போகலாமா?

கல்பாக்கத்தின் கடற்காற்று

நம் கல்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983-இலும் இரண்டாவது உலை 1985-இலும் இயங்கத் தொடங்கின. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் அங்கேதான் இருக்கிறது. நிலையம் இருப்பது கடலோரம்.

பகலில் நிலம் விரைவில் சூடாகிறது. கடல் அவ்வளவு சூடாவதில்லை. எனவே கடலிலிருந்து குளிர்ந்த காற்று நிலத்துக்குள் நுழைகிறது. இந்தக் காற்று நிலைப்புள்ளது. சுடுமணலைத் தொட்டதும் இதன் அடிப்பகுதி சூடாகிப் புரளத் தொடங்குகிறது. கரையோரத்தில் அந்தப் புரளும் அடுக்கு மெல்லியது. உள்நாட்டை நோக்கிப் போகப் போகத் தடிமனாகிறது.

உயரமான புகைபோக்கியிலிருந்து வெளிவரும் பொருள் முதலில் இந்த அடுக்குக்கு மேலே, நிலைத்த காற்றில், அதிகம் விரியாமல் மிதந்து செல்லும். கரையோரத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. சில கிலோமீட்டர் தள்ளி, தடித்துக்கொண்டே வரும் அடுக்கு அந்தக் கற்றையைத் தொட்டதும், எல்லாம் ஒரேயடியாகத் தரைக்கு இழுத்து வரப்படும். இதைப் ‘புகைமூட்டல்’ என்கிறார்கள். உலைக்கு அருகில் இருப்பவரைவிடத் தொலைவில் இருப்பவருக்கு அதிகப் பாதிப்பு என்ற விந்தை இப்படி நேரலாம்!

இன்னொரு சிக்கலும் உண்டு. தென்மேற்குப் பருவக் காலத்தில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அப்போது கடல்மேல் போன பொருளைப் பிற்பகலில் எழும் கடற்காற்று மீண்டும் கரைக்குத் திருப்பிவிடக்கூடும். நேர்கோட்டில் மட்டுமே போகத் தெரிந்த கற்றை மாதிரிக்கு இந்தத் திரும்பல் புரியாது.

கொல்லிமலையில் என்ன ஆகும்?

கொல்லிமலையின் மேல்தளம் கடல் மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் வரை உயரமுள்ளது. கீழே சமவெளி. இடையில் செங்குத்தான சரிவு. பகலில் வெயில்பட்ட சரிவுகள் சூடாகி, காற்று பள்ளத்திலிருந்து மலைமேல் ஏறுகிறது. இரவில் சரிவுகள் குளிர்ந்து, கனமான காற்று தண்ணீர்போலப் பள்ளத்தாக்குகளில் இறங்கித் தேங்குகிறது. மலைமேலேயே உள்ள சிறு பள்ளத்தாக்குகளில், நெல் வயல்கள் இருக்கும் தாழ்வான இடங்களில், மேட்டைவிடக் குளிர் அதிகமாக இருப்பதை மலைவாழ் மாணவர்கள் நன்கு அறிவார்கள். தேங்கும் இந்தக் காற்றில் புகையும் தேங்கும்.

காற்று மலையை எதிர்கொள்ளும்போது இரண்டு வழிகள் உண்டு. நிலைப்பற்ற காற்றானால் மலைமேல் ஏறிக் கடந்துவிடும். நிலைத்த காற்றானால் ஏற முடியாமல் இரு பக்கமும் பிரிந்து மலையைச் சுற்றிக்கொண்டு போகும். எளிய கற்றை மாதிரியோ மலைக்குள் சுரங்கம் வெட்டியதுபோல நேராகப் புகுந்துவிடும்!

பொதி மாதிரியும் துகள் மாதிரியும்

இந்தக் குறைகளைப் போக்க அறிவியலாளர்கள் வேறு மாதிரிகளை உருவாக்கினார்கள்.

முதலாவது, பொதி மாதிரி. புகையை ஒரே நீண்ட கற்றையாகப் பாராமல், சில நிமிடங்களுக்கு ஒன்றாகப் புறப்படும் பஞ்சுப் பொதிகளாகக் கருதுகிறோம். ஒவ்வொரு பொதியும் அந்தந்த இடத்துக் காற்று இழுத்த பக்கம் போகிறது. போகும் வழியில் ஊதிப் பெருக்கிறது. காற்று திசை மாறினால் பொதிகளின் வரிசையும் வளையும்.

இரண்டாவது, துகள் மாதிரி. இங்கே ஆயிரக்கணக்கான, ஏன், இலட்சக்கணக்கான கற்பனைத் துகள்களைக் கணிப்பொறிக்குள் பறக்க விடுகிறோம். ஒவ்வொரு துகளுக்கும் இரண்டு அசைவுகள் உண்டு. ஒன்று, சராசரிக் காற்றோடு போவது. மற்றொன்று, காற்றின் சுழிப்பால் ஏற்படும் தற்செயலான உதறல். இந்த உதறலைக் கணிப்பொறி நாணயம் சுண்டுவதுபோல முடிவு செய்கிறது. கடைசியில் எந்த இடத்தில் எத்தனை துகள்கள் இருக்கின்றன என்று எண்ணினால் அடர்த்தி கிடைத்துவிடும்.

மூன்றாவது, கட்ட மாதிரி. நாட்டின் காற்று முழுவதையும் வரைபடத்தாள்போலக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று வரவு செலவுக் கணக்கு எழுதுவது இது. வேதி மாற்றம் அடையும் மாசுகளுக்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் புறப்பட்ட இடத்தருகே சிறிதாக இருக்கும் புகையை ஒரு பெரிய கட்டம் முழுவதிலும் பூசிவிடும் குறை இதற்குண்டு.

இம்மூன்றுக்கும் ஒரு பொதுத் தேவை உண்டு. ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மணியிலும் காற்று எப்படி வீசும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதைத் தருவது வானிலைக் கணிப்பு மாதிரி. கல்பாக்கம் ஆராய்ச்சி மையத்தில் ‘ஓனர்ஸ்’ என்ற அவசரகால உதவி அமைப்பை உருவாக்கியபோது, இவ்வாறுதான் வானிலை மாதிரியையும் பரவல் மாதிரியையும் ஒன்றாக இணைத்தார்கள். கடற்காற்றைக் கணக்கில் கொள்ளாமல் அந்த ஊருக்குக் கணிப்புச் சொல்ல முடியாது என்பதை அவர்களுடைய ஆய்வுகள் காட்டின.

கட்டம் பெரிதானால் மலை மறையும்

வானிலை மாதிரியும் நாட்டைக் கட்டங்களாகத்தான் பிரிக்கிறது. கட்டத்தின் அளவு எவ்வளவு என்பது முக்கியம். கொல்லிமலையின் பரப்பு சுமார் 280 சதுர கிலோமீட்டர். கட்டத்தின் பக்கம் 50 கிலோமீட்டர் என்றால் ஒரு கட்டத்தின் பரப்பு 2500 சதுர கிலோமீட்டர். அதனுள் கொல்லிமலை ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான். சமவெளியின் உயரத்தோடு சேர்த்துச் சராசரி எடுத்தால், கணிப்பொறியின் கண்ணுக்குக் கொல்லிமலை ஒரு சிறு மேடாகிவிடும். அங்கே மலைக்காற்றும் வீசாது; மலை தடுத்துப் பொழியும் மழையும் பெய்யாது.

கட்டத்தின் பக்கத்தை 3 கிலோமீட்டராகக் குறைத்தால் கொல்லிமலைக்கு மட்டும் சுமார் 31 கட்டங்கள் கிடைக்கும். அப்போது மலை மலையாகத் தெரியும். இதற்கு விலை உண்டு. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். கணக்கிடும் கால இடைவெளியையும் பாதியாக்க வேண்டும். எனவே வேலை எட்டு மடங்காகும். விபத்து நேரத்தில் விடை ஒரு மணி நேரத்துக்குள் வேண்டும். மறுநாள் வரும் துல்லியமான விடையால் யாருக்குப் பயன்?

ஒரு கற்பனைக் கணக்கு

கல்பாக்கத்திலிருந்து பார்த்தால் கொல்லிமலை தென்மேற்கே சுமார் 250 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கு இப்படி ஒரு பெரும் விபத்து நேர்ந்ததில்லை. நம் நாட்டில் அணுமின் நிலையத்துக்கு வெளியே நெடுங்காலமாக வகுத்து வந்த அவசரகாலத் திட்ட எல்லை 16 கிலோமீட்டர். கொல்லிமலை அதற்கு எவ்வளவோ அப்பால் உள்ளது. ஆகவே பயப்படுவதற்காக அல்ல, கணக்கைப் புரிந்துகொள்வதற்காகவே இந்தக் கற்பனை.

வடகிழக்குப் பருவக்காற்று வினாடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராக வீசுகிறது என்போம். 250 கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் 14 மணி நேரம் ஆகும். காலை 6 மணிக்குப் புறப்பட்ட பொருள் இரவு 8 மணிக்கு வந்து சேரும். இடையில் என்னென்ன நடந்துவிட்டன பாருங்கள். விடியலின் நிலைத்த காற்று, நண்பகலின் புரளும் காற்று, பிற்பகலின் கடற்காற்று, இரவின் தலைகீழ் என்று எல்லாம் வந்து போய்விட்டன. இந்த 14 மணி நேரத்துக்கும் சேர்த்து ‘டி’ என்றோ ‘எஃப்’ என்றோ ஒரே வகுப்பை எழுத முடியுமா? முடியாது. எனவேதான் சுமார் 10 கிலோமீட்டருக்குள், சமதளத்தில், காற்று மாறாத சில மணி நேரத்துக்குக் கற்றை மாதிரி போதும் என்றும், அதற்கு அப்பால் பொதி அல்லது துகள் மாதிரி வேண்டும் என்றும் கொள்கிறார்கள்.

மழை செய்யும் மாயம்

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் உலை வெடித்தது. வெளியேற்றம் சுமார் 10 நாட்கள் நீடித்தது. சோவியத் அரசு உலகுக்கு அறிவிக்கும் முன்பே, ஏப்ரல் 28 காலையில், சுமார் 1100 கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்துக் கருவிகள் அதைக் காட்டிக் கொடுத்துவிட்டன.

அந்த மேகம் பிரிட்டன் மேல் சென்றபோது மிகவும் நீர்த்துப் போயிருந்தது. ஆனால் வேல்ஸ், கம்பிரியா மலைகளில் அப்போது கனமழை பெய்தது. மழைத்துளிகள் காற்றிலிருந்த சீசியத்தைக் கழுவிக் கீழே இறக்கின. புல்லில் சேர்ந்து, புல்லை மேய்ந்த செம்மறி ஆடுகளிலும் சேர்ந்தது. அந்த ஆடுகளை விற்பதற்கு விதித்த கட்டுப்பாடு முழுமையாக நீங்கியது 2012-இல்தான்! தொலைவு அதிகம், மேகம் மெல்லியது என்று மலைப்பகுதியை விட்டுவிடக் கூடாது என்பதை உலகம் கற்றுக்கொண்ட இடம் அது. மலைகளில் மழை அதிகம் என்பது கொல்லிமலை மாணவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எந்தப் பொருள் வெளியேறியது என்பதும் முக்கியம். செனான் வாயு எதிலும் ஒட்டாது, மழையும் அதைக் கழுவாது, காற்றோடு போய்விடும். அயோடின்-131 புல்லில் படிந்து, பசுவின் பால் வழியே குழந்தைகளின் தைராய்டு சுரப்பியை அடையும். 1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலை தீப்பற்றியபோது சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கறந்த பாலைக் கொட்டச் செய்தது இதனால்தான். அதன் அரை ஆயுள் 8 நாள். 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். சீசியம்-137-இன் அரை ஆயுளோ 30 ஆண்டுகள். ஆகவே நல்ல மாதிரி காற்றில் உள்ளதை மட்டுமின்றி, தரையில் படிவதையும் காலப்போக்கில் சிதைவதையும் கணக்கிட வேண்டும்.

தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை

ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் அறிவியலாளர் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகளை இப்படித் தொகுக்கலாம்.

1. எவ்வளவு தொலைவுக்கு விடை வேண்டும்? 5 கிலோமீட்டருக்கா, 500 கிலோமீட்டருக்கா?

2. இடம் எப்படிப்பட்டது? சமவெளியா, கடற்கரையா, மலையா?

3. எவ்வளவு நேரத்துக்குள் விடை வேண்டும்? ஆண்டுத் திட்டத்துக்கா, அடுத்த ஒரு மணி நேரத்துக்கா?

4. என்னென்ன தகவல்கள் கையில் உள்ளன? ஒரே ஒரு காற்றுமானி மட்டும் இருக்கும்போது மிக நுட்பமான மாதிரியை ஓட்டினால், அரைகுறைத் தகவலுக்கு அழகான படம்தான் கிடைக்கும்.

5. வெளியேறுவது வாயுவா, துகளா? படியுமா, படியாதா? மழை உண்டா?

6. இந்த மாதிரியை உண்மையான அளவீடுகளோடு ஒப்பிட்டுச் சோதித்திருக்கிறார்களா?

ஆறாவது கேள்விக்கு ஐரோப்பா ஒரு பெரும் சோதனை நடத்தியது. 1994 அக்டோபர் 23 அன்று பிரான்ஸின் மேற்குப் பகுதியிலிருந்து தீங்கற்ற ஒரு வாயுவை 340 கிலோகிராம் அளவில் 12 மணி நேரம் வெளியேற்றினார்கள். 17 நாடுகளில் 168 நிலையங்கள் அதைத் தேடி அளந்தன. பல நாட்டு அறிவியலாளர்களும் வாயு எங்கே போகும் என்று தத்தம் மாதிரிகளால் முன்கூட்டியே கணித்து அனுப்பினார்கள். பல மாதிரிகள் நன்றாகவே சொல்லின. நவம்பரில் இரண்டாம் முறை வேறொரு வாயுவை விட்டபோதோ, முதல் முறை நன்கு சொன்ன மாதிரிகளும் தடுமாறின. ஒரு நாள் பெற்ற வெற்றியை வைத்து ஒரு மாதிரியை நம்பிவிடக் கூடாது என்று தெரிந்தது. இன்று பல மாதிரிகளை ஒரே நேரத்தில் ஓட்டி, அவை எங்கே ஒத்துப் போகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்று பார்க்கும் வழக்கம் வந்திருக்கிறது.

கணக்கா, கருவியா?

ஃபுகுஷிமாவுக்குப் பின் ஜப்பானில் ஒரு விவாதம் எழுந்தது. வெளியேறும் அளவே தெரியாதபோது கணிப்பை நம்பி மக்களை வெளியேற்றலாமா? 2014-இல் அந்நாட்டு அணு ஒழுங்குமுறை ஆணையம், வெளியேற்றும் முடிவுக்கு ஸ்பீடி கணிப்பைப் பயன்படுத்துவதில்லை என்றும், உலையின் நிலையையும் களத்தில் அளந்த கதிர்வீச்சையும் கொண்டே முடிவெடுப்பது என்றும் தீர்மானித்தது. இதை ஏற்காதவர்களும் உண்டு. கருவி, பொருள் வந்து சேர்ந்த பிறகுதான் காட்டும். கணக்கு ஒன்றே வருமுன் சொல்லும் என்பது அவர்கள் வாதம்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. தேவையில்லாமல் வெளியேற்றுவதும் ஆபத்தே. ஃபுகுஷிமாவில் மருத்துவமனைகளிலிருந்து அவசரமாக வேறிடம் கொண்டு செல்லப்பட்ட முதிய நோயாளிகள் பலர், கதிர்வீச்சால் அல்ல, பயணத்தின் துன்பத்தால் இறந்துபோனார்கள். ஆகவே கணிப்பு, எங்கே முதலில் கருவியை எடுத்துச் செல்ல வேண்டும் என்று காட்டட்டும். கருவியின் அளவீடு வந்ததும் அதைக் கொண்டு கணிப்பைத் திருத்தலாம் என்பது பலரும் ஏற்கும் வழி. நம் நாட்டிலும் பாபா அணு ஆராய்ச்சி மையம் பல நகரங்களில் கதிரியக்கக் கண்காணிப்பு நிலையங்களை அமைத்திருக்கிறது.

செய்து பாருங்கள்

ஒன்று: ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, காற்றோட்டமில்லாத அறையில் விடியற்காலையில் வையுங்கள். புகை நேராக எழுந்து எந்த உயரத்தில் சிதறுகிறது என்று அளந்து எழுதுங்கள். பிறகு நண்பகலில், வெயில்படும் ஜன்னல் அருகே அதையே செய்யுங்கள்.

இரண்டு: மலைமேல் பள்ளியில் ஒரு மாணவரும், அடிவாரப் பள்ளியில் ஒரு மாணவரும் ஒரே வகை வெப்பமானியால், நிழலில், ஒரே நேரத்தில் காலை 6 மணிக்கும் பகல் 2 மணிக்கும் ஒரு மாதம் அளந்து வாருங்கள். பகலில் மலைமேல் 6 முதல் 10 டிகிரி வரை குறைவாக இருக்கலாம். காலையில் அந்த வேறுபாடு மிகவும் குறைந்தோ தலைகீழாகவோ இருக்கும் நாட்களைக் குறியுங்கள். அந்த நாட்களில் அடிவாரத்தில் புகை எப்படி இருந்தது என்றும் எழுதுங்கள். மலைச்சரிவின் காற்று, திறந்த வெளியில் அதே உயரத்திலுள்ள காற்றுக்கு முற்றிலும் சமமானதல்ல. ஆயினும் தலைகீழைக் கண்டுபிடிக்க இது நல்ல தொடக்கம்.

மூன்று: வரைபடத்தாளில் ஒரு புள்ளியிலிருந்து தொடங்கி நாணயம் சுண்டுங்கள். தலை விழுந்தால் ஒரு கட்டம் வலப்புறம்; பூ விழுந்தால் ஒரு கட்டம் இடப்புறம். 100 முறை சுண்டி முடித்ததும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள்? வகுப்பில் 40 பேரும் செய்து, முடிந்த இடங்களைக் குறித்துப் பாருங்கள். பெரும்பாலோர் புறப்பட்ட இடத்திலிருந்து சுமார் 10 கட்டத்துக்குள் இருப்பார்கள். 10 என்பது 100-இன் வர்க்கமூலம். குறித்த புள்ளிகள் மணி வடிவத்தில் குவிவதையும் காண்பீர்கள். துகள் மாதிரி செய்யும் வேலையின் ஒரு சிறு பகுதியை இப்போது நீங்களே செய்து முடித்துவிட்டீர்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. மேலே சொன்ன ‘எஃப்’ வகுப்பு எடுத்துக்காட்டில் காற்றின் வேகம் வினாடிக்கு 2 மீட்டரிலிருந்து 1 மீட்டராகக் குறைந்தால் அடர்த்தி என்னவாகும்? வேகம் பூஜ்யமானால் சூத்திரம் என்ன விடை தரும்? அந்த விடை இயற்கையில் நடக்கக்கூடியதா? யோசித்து, உங்கள் ஆசிரியருடன் பேசிப் பாருங்கள்.